வெறும் தண்ணீர்க் குப்பி

ஆய்வுக்கூடத்தில் என் வேலையில் யாரும் குறை கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவன் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் குப்பி கழுவினேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

வசந்தமலர் அங்கே ஆராய்ச்சி மாணவி. மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டில்தான் அறை எடுத்திருந்தாள். அவள் வருமுன் நானும் மனைவி சரோஜாதேவியும் சாப்பாட்டு மேசையில் வாய் திறப்பதில்லை. அவள் வந்தபின் சிரிப்பும் கதையுமாகச் சாப்பிட்டோம்.

1994இல், பழ ஈயில் இருக்கும், இடம்விட்டு இடம் தாவும் மரபணு ஒன்றைக் கண்ணாடிச் சிறகுப் பூச்சியிலும் கண்டாள். கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து அதே. எந்த உறவுமில்லாத பூச்சிக்குள் அது எப்படியோ குடிபுகுந்திருந்தது. முடிவு உறுதியானால் அமெரிக்காவில் வேலை என்று கடிதம் வந்தது. சரோஜாதேவி அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

ஒவ்வொரு சோதனையிலும் பூச்சி எதுவும் சேராத வெறும் தண்ணீர்க் குப்பி ஒன்று இருக்கும். அதில் மரபணு தெரிந்தால், மற்றதெல்லாம் கலப்படம் என்று தள்ளிவிடுவார்கள். ஆறு வாரம் அந்தக் குப்பியில் பழ ஈயின் கரைசல் ஒரு துளி விட்டேன். வேலை இழுபட்டால் இன்னும் ஒரு வருடம் எங்களோடு இருப்பாள் என்று நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

அவள் தன் கைகளைச் சந்தேகித்தாள். பிளீச்சில் கழுவிக் கழுவித் தோல் உரிந்தது.

"அண்ணை, என்ர கையிலதான் ஏதோ பிழை."

"கவலைப்படாதை பிள்ளை, ஆருக்கும் வாறதுதான்" என்று நான்தான் மருந்து பூசிவிட்டேன்.

முடிவு பொய் என்று அவளுடைய பேராசிரியர் உதவித்தொகையை நிறுத்தினார். அதோடு விசாவும் போனது. அகதியாக விண்ணப்பிக்கச் சொன்னேன்.

"பொய் முடிவு காட்டினவள் எண்ட பேரோட இஞ்ச இருக்கேலாது, அண்ணை."

95 பெப்ரவரியில் நானே காரில் கொண்டுபோய் விமான நிலையத்தில் விட்டேன். அப்போது போர்நிறுத்தம். யாழ்ப்பாணத்தில் ஆபத்தில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சண்டை மீண்டும் மூண்டு ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது, வழியில் ஷெல் பட்டுச் செத்தாள்.

செய்தி வந்த கிழமை, அவள் விட்டுப்போன மாதிரிகளை எடுத்து, அவள் செய்வதைப் பார்த்துப் பழகியபடி நானே சோதித்தேன். தண்ணீரில் ஒன்றுமில்லை. பூச்சியில் மரபணு இருந்தது. அவள் கண்டது சரி. மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை, சரோஜாதேவியிடமும்.

அழுதேன், மறைக்கவில்லை. இப்போதும் அழுகிறேன். ஆனாலும் நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குப் பிடிவாதம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால், இன்றைக்கு உயிரோடு இருந்திருக்கும்.