மீனாத்தா மீன் தின்னலையாம்

பெல்ட்ட இன்னும் கொஞ்சம் இழுத்து மாட்டுங்க டாக்டரம்மா, அது பாதி வழியில கழண்டுக்கும். ஆங், அவ்வளவுதான். இல்ல இல்ல, நேரம் கெடக்கு. கூட்டம் ஏழு மணிக்குத்தானே. கடலோரமா கொஞ்சம் சுத்திக்கிட்டுப் போவோம். ஏனா? காரணம் இல்லாம ஒருத்தன் பெட்ரோலச் செலவழிப்பானா? சொல்றேன், சொல்றேன்.

அந்தப் பெட்டிய மடியிலயே வெச்சுக்கணுமா? உள்ள எலும்பு கிலும்பு எதும்... வெறும் லேப்டாப்பா? அப்பாடா. மீனாத்தாவும் நம்மகூட வர்றான்னு நெனச்சு இவ்வளவு நேரம் மேடு பள்ளம் பாத்து ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

சரி, நேராவே சொல்லிர்றேன். ஸ்டேஷனுக்கு என்னைய அனுப்புனது உங்கள உபசரிக்க இல்ல. உங்க வாய அடைக்க. ஆமா! விழாக் கமிட்டி கூடி முடிவெடுத்தாங்க, கிரெஸ்டன் நல்லாப் பேசுவான், அவனே போகட்டும்னு. ஆத்தா மீன் தின்னலன்னு நீங்க நேத்து போன்ல சொன்னதக் கேட்டுட்டு எங்க தலைவர் தோர்கில் தொப்புன்னு நாக்காலியில உக்காந்துட்டாரு. அந்த மனுசன் கூட்டத்துல உக்காந்து நாங்க பாத்ததே இல்ல, அதுக்கே உங்களுக்கு ஒரு மாலை போடணும். அப்பறம் மெதுவாக் கேட்டாரு, ஒரு வாய்கூடவா தின்னல?

நெசமாவே தின்னலையா?

ஐயோ, எலும்பச் சோதிக்கற உங்க மெசின நான் சந்தேகப்படுவேனா. எங்க நெலமையக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எங்க ஊரு ஸ்கார்விக்ல என்ன இருக்கு? காத்து இருக்கு. ஹெர்ரிங் மீன் இருக்கு. மீனாத்தா இருக்கா. நாலாவது ஒண்ண நீங்க கண்டுபுடிச்சாச் சொல்லுங்க. எங்க தாத்தன் காலத்துல ரோடு போட வந்தவங்க, ஆதி காலத்து ஆளுங்க தின்னு போட்ட சிப்பிக் குவியலத் தோண்டுனாங்க. உள்ள மீன் முள்ளுக்கு நடுவுல இவ படுத்திருந்தா. ஆறாயிரம் வருசத்துக்கு முந்தினவன்னாங்க. பாத்தவங்க எல்லாம் ஒரே குரல்ல, இவதான் நம்ம மொத மீன்காரின்னுட்டாங்க. மீன் முள்ளுமேல படுத்திருக்கறவ வேற என்னத்தத் தின்னிருப்பா? நீங்களா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பீங்க. சரி, நீங்க சொல்ல மாட்டீங்க, மெசின்ல போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்வீங்க. எங்ககிட்ட அப்ப மெசின் இல்லையே.

இப்ப போய் பேக்கரியில பாருங்க, மீனாத்தா ரொட்டி. பந்து வெளையாடுற பசங்க பனியன்ல மீனாத்தா மண்டையோடு. வருசா வருசம் ஹெர்ரிங் திருவிழா, அவ படுத்திருக்கற கண்ணாடிப் பெட்டி முன்னாலதான் மொதத் துண்டு வெட்டுறது. நாளைக்கு அந்த விழா. இன்னிக்கு நீங்க மேடையேறி, இந்தம்மா மீனக் கையால தொட்டதில்லன்னு சொல்லப் போறீங்க. நல்லா நாள் பாத்தீங்க போங்க.

தொடலன்னு சொல்லல, தின்னலன்னுதான் சொன்னீங்க. ஒத்துக்கறேன். படிச்சவங்ககிட்ட வாயக் குடுத்தா இப்படித்தான்.

இன்னொண்ணு இருக்கு, அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வெளியூர்லருந்து கல்யாணம் கட்டிக்கிட்டு ஸ்கார்விக்குக்கு வர்றவங்க, ஆணோ பொண்ணோ, அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால நின்னு ஒரு முழு ஹெர்ரிங்கத் தின்னு காட்டணும். வேக வெச்சது இல்ல, உப்புல ஊறினது. ஊரே சுத்தி நின்னு தட்டும். முழுங்கினாத்தான் நம்ம ஆளு. நானா? நானும்தான். நான் கடலுக்கு ரொம்பத் தள்ளியிருக்கற ஊர்க்காரன்ல. எங்கப்பா மாடு வெச்சிருந்தாரு, உருளக்கெழங்கு போட்டாரு. கடல எப்பவாவது பஸ் ஜன்னல்லருந்து பாப்போம். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் தின்னேன், கை தட்டுனாங்க, எல்லினோர் என் கழுத்தக் கட்டிக்கிட்டா. அவதான் என் பொண்டாட்டி. அப்பறம் படகுக் கொட்டாய்க்குப் பின்னால போய் நான் என்ன பண்ணேங்கறது எனக்கும் அந்தக் கொட்டாய்க்கும் உள்ள விசயம்.

சிரிங்க, சிரிங்க. இப்பத்தான் உங்க முகம் மனுச முகம் மாதிரி இருக்கு.

நீங்க சொன்னத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒப்பிக்கறேன், தப்புன்னா மண்டையில ஒரு குட்டு வைங்க. கடல்ல வெளஞ்சதோட கரி, அதான் அந்தக் கார்பன், வேற, நெலத்துல வெளஞ்சதோட கரி வேற. தின்னது எதுவோ அது எலும்புல போய் உக்காந்துக்கும். தொடை எலும்புல பல வருசத்துத் தீனி சேந்து கெடக்கும். இவ தொடை எலும்புல கடலோட அடையாளமே இல்ல. தானியம், மாடு, அவ்வளவுதான். மாடுன்னா பாலா, கறியா? அது உங்களுக்கே பிரிக்கத் தெரியாதா! அம்மாடி, உங்களுக்குத் தெரியாததும் ஒண்ணு இருக்கு. தோர்கில் கேட்டா சந்தோசப்படுவாரு.

பல்லு கதையும் ஞாபகம் இருக்கு. சின்ன வயசுல குடிச்ச தண்ணி, தின்ன தானியம், அந்த மண்ணோட சத்து பல்லுல ஏறி அப்படியே பூட்டிக்கும். அப்பறம் எங்க போய் வாழ்ந்தாலும் மாறாது. இவ மொதக் கடவாப்பல்லு கடலுக்கு அந்தப் பக்கத்துப் பாறை நாட்டுது. கடைசியா உருவான ஞானப்பல்லு இந்த ஊருது. அப்ப, வெவரம் தெரியற வயசுல படகேறி வந்திருக்கா. டாக்டரம்மா, ஒரு புண்ணியமாப் போகும், இதத் தோர்கில்கிட்ட பக்குவமாச் சொல்லுங்க. மீன் தின்னாதவங்கறதயாவது தாங்குவாரு. ஆத்தா எங்களுக்கு ஆகாத பக்கத்து நாட்டு ஸ்வீடன்காரின்னா படுத்துருவாரு.

அந்தக் காலத்துல ஸ்வீடன்னு ஒரு நாடே கெடையாதா? அத அவருகிட்ட நீங்களே சொல்லிக்கங்க.

இப்ப என் சந்தேகம். வருசத்துக்கு ஒரே ஒரு துண்டு தின்னிருந்தா எலும்புல தெரியுமா? தெரியாதா. மாசத்துக்கு ஒண்ணு? அதுவும் அடிச்சுச் சொல்ல முடியாதா. ஆக, எல்லாரும் பாக்கறப்ப ஒரு துண்டு வாயில போட்டுக்கிட்டு, மத்த நாள் பூராக் கஞ்சி குடிச்சு ஓட்டியிருக்கலாம். இருக்கலாம்ல? இல்ல, கமிட்டிக்காகக் கேக்கல. சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு.

அவளுக்கு யாரும் குடுக்கலையா, இல்ல அவளே வேணாம்னுட்டாளா? எலும்பு அதச் சொல்லாதா. அட என்னங்க, முக்கியமான எடத்துல மட்டும் எலும்பு ஊமையாயிருது.

அதே குவியல்ல அவ பக்கத்துல பொதச்சுக் கெடந்தாங்களே ரெண்டு ஆம்பளைங்க, அவங்க எலும்பு? அவங்க தின்னிருக்காங்க. எவ்வளவு? ஓகோ, மீனும் கடல்நாயுமா வெளுத்துக் கட்டியிருக்காங்க. அந்த ரெண்டு பேரு பல்லும் இந்த ஊரு பல்லுதானா. சரி. அவங்க மீன் சுட்டுத் திங்கறப்ப இவ அதே நெருப்புப் பக்கத்துல உக்காந்து கஞ்சி குடிச்சிருக்கா. ஒரு நாளா ரெண்டு நாளா? அந்த வாடையிலயே! பாவம் அந்தப் பொண்ணு.

இருங்க, வண்டிய ஓரங்கட்டறேன். அதோ, அந்தக் கம்பி வேலி தெரியுதுல்ல, அங்கதான் கெடந்தா.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். அவள எங்க பொதச்சிருந்தாங்க? ஓரமாவா? தள்ளியா?

அந்த ரெண்டு பேருக்கும் நடுவுலயா.

அம்பர் மணி, அந்த மஞ்சப் பிசின்கல்லு மாலை, எங்க மியூசியத்துல தொங்குதே அது, அவ கழுத்துல கெடந்ததுதானா? அந்த ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் இல்ல? அவளுக்கு மட்டும்.

ம்.

ஒண்ணுமில்ல, காத்து. இந்தக் கரைக் காத்து கண்ணுல பட்டா இப்படித்தான். கண்ணாடி ஏத்தித்தான் இருக்கா? பழைய வண்டி, எப்படியோ உள்ள வந்துருது. கெளம்புவோம்.

டாக்டரம்மா, நீங்க சொல்லிருங்க. எல்லாத்தையும் சொல்லுங்க, ஒண்ணும் விடாதீங்க. கமிட்டி கெடக்குது. நான் எவ்வளவோ கெஞ்சினேன், டாக்டரம்மா மசியலன்னு தோர்கில்கிட்ட சொல்லிக்கறேன். ஆனா, மீன் தின்னலங்கறதோட நிறுத்திராதீங்க. நடுவுல பொதச்சாங்கங்கறதயும் சேத்துச் சொல்லணும். மணி போட்டுப் பொதச்சாங்கங்கறதச் சத்தமாச் சொல்லணும். பின் வரிசையில உக்காந்திருக்கற செவிடனுக்கும் கேக்கணும்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறையா? நாளைக்கு ஹெர்ரிங் ஊறுகாப் போட்டி இருக்கு. அதுக்கு நடுவர் யாருன்னு நெனைக்கறீங்க? ஐயாதான். வருசா வருசம் நான்தான். எப்படித் தீர்ப்புச் சொல்வேன்? மோந்து பாப்பேன். நாக்கு நுனியில வெச்சுக் கண்ண மூடுவேன். கைக்குட்டையால வாயத் தொடச்சுக்குவேன், அதோட துண்டு கைக்குட்டைக்குள்ள போயிரும். அப்பறம் ஒரு மடக்கு ஸ்னாப்ஸ் சாராயம். நான் பாக்கறப்ப எவன் திருதிருன்னு முழிக்கிறானோ அவன் போட்டிக்கு மொத வருசம் வந்தவன், அவனுக்கு ஆறுதல் பரிசு. எல்லினோருக்கு மட்டும் ஒரு தடவகூடப் பரிசு குடுத்ததில்ல. பொண்டாட்டிக்கே தூக்கிக் குடுத்துட்டான்னு ஊரு பேசும்னு சொல்லி வெச்சிருக்கேன். நெசம் என்னன்னா, அவ ஊறுகா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது.

கல்யாணத்தன்னிக்குத் தின்னதோட சரி. இந்தக் கரையில முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு துண்டு உள்ள எறங்கினதில்ல. எறங்க மாட்டேங்குது, நான் என்ன செய்ய. அவ வாராவாரம் ஒரு ஜாடி எனக்குன்னு தனியாப் போடுவா. வெங்காயம் அதிகமா, மெளகு கம்மியா, உனக்குப் புடிச்ச மாதிரின்னு சொல்லித் தருவா. நான் வேலை பாக்கற பட்டறைக்கு எடுத்துட்டுப் போவேன். ஸ்கார்விக்ல கடல்காக்கா எல்லாம் எப்படிக் கொழுத்துக் கெடக்குன்னு வர்றவங்க ஆச்சரியப்படுவாங்க.

சொல்லியிருக்கலாம். மொத வாரமே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பா. பத்து வருசம் கழிச்சு எப்படிச் சொல்றது? இத்தன ஜாடிக்கப்பறம் எப்படிச் சொல்றது?

இந்தா, கூட்டம் நடக்கற மன்றம் வந்துருச்சு. பாத்து எறங்குங்க, படி வழுக்கும். தோர்கில் வாசல்லயே நிக்கறாரு பாருங்க, முகத்த எப்படி வெச்சிருக்காருன்னு. நீங்க பயப்படாமப் போங்க.

ஒரே ஒரு ஒத்தாச. முன் வரிசையில நீல ஸ்வெட்டர் போட்டு எல்லினோர் உக்காந்திருப்பா, மடியில ஜாடி இருக்கும், உங்களுக்குத்தான் கொண்டு வந்திருக்கா. அந்த மணிமாலை எடத்துக்கு வர்றப்ப அவ முகத்தக் கொஞ்சம் பாத்து வெச்சுக்கங்க. நான் பக்கத்துலதான் இருப்பேன், ஆனா திரும்பிப் பாக்க எனக்குத் தைரியம் வராது. அவ சிரிச்சான்னா மேடையிலருந்தே லேசா ஒரு தலையாட்டு ஆட்டுங்க. ராத்திரி வீட்டுக்குப் போனதும் அவகிட்ட சொல்லிர்றேன்.