செத்துப்போன அம்மா பேருந்து நிறுத்தத்தில் நின்றது எப்படி?

ஐந்தே நிமிடம் என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு, அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் புத்தகக்கடை உரிமையாளர் அவர்களே! மாண்டவரை மீட்பதிலும் மீண்டவரை மாய்ப்பதிலும் மன்னராய்த் திகழும் கதாசிரியர் அவர்களே! ஒரே இதழுக்கு நான்கு அட்டை போட்டு, நான்கையும் வாங்குபவனே நல்ல வாசகன் என்று நாட்டுக்கு உணர்த்திய பதிப்பாசிரியர் அவர்களே! போகவா இருக்கவா என்று நாற்காலி நுனியில் அமர்ந்திருக்கும் ஓவியர் தம்பி அவர்களே! பிள்ளையின் பையில் பாடநூலைத் தேடிப் பறக்கும் மனிதனைக் கண்டெடுத்த தாய்மார்களே! பெரியோர்களே! வாய் திறக்கத் தெரியாத என்னை ஒலிவாங்கியின் முன்னால் நிறுத்தி வேடிக்கை பார்க்கும் ஆண்டவனே! அனைவரையும் வணங்குகிறேன்.

எனக்குத் தரப்பட்ட பணி, வாசகர் சார்பில் ஒரு பிரிவு வாழ்த்து. 'இடிக்கரத்தான்' படக்கதை இதழை நாற்பத்து நான்கு மாதங்களாக வரைந்த ஓவியர் இன்றோடு விடைபெறுகிறாராம். அடுத்த இதழ் முதல் வேறொரு கை வரையுமாம். வாழ்த்தி வழியனுப்ப வேண்டியது நான்.

ஏன் விடைபெறுகிறார்? கை நடுங்குகிறதா? கண் மங்கிவிட்டதா? இல்லை. நாற்பத்தொன்றாம் இதழில் இடிக்கரத்தானின் தாயார் இறந்துபோனார். நாற்பத்து மூன்றாம் இதழின் பதினேழாம் பக்கத்தில், வானத்தில் வீரன் பறக்க, கீழே பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் நிற்க, அந்தப் பத்துப் பேரில் ஒருவராக, கையில் கூடையோடு, அதே தாயார் நிற்கிறார்! இதுதான் குற்றம். இதற்காக நாற்பத்து நான்காம் இதழின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டார்கள்: 'தாயார் தோன்றியது ஓவியரின் கவனக்குறைவு. வருந்துகிறோம்.'

வருந்துகிறார்களாம்! ஒரு தாய் உயிரோடு இருப்பதற்கு வருத்தம் தெரிவித்த முதல் நிறுவனத்தை இந்த மேடையில் பார்க்கிறேன்.

நான் வீட்டில் எதையும் நோட்டில் குறித்து வைப்பவள். எரிவாயு உருளை என்றைக்கு வந்தது, என்றைக்குத் தீர்ந்தது என்று எழுதுகிற பழக்கத்தில், இடிக்கரத்தான் என்றைக்குச் செத்தார், என்றைக்கு வந்தார் என்றும் எழுதி வைத்திருக்கிறேன். கேளுங்கள். ஒன்பதாம் இதழில் வெடித்துச் சிதறினார். பத்தாம் இதழில் வந்தார்; சிதறியது அவருடைய பிம்பமாம். இருபதாம் இதழில் கடலில் மூழ்கினார். இருபத்திரண்டில் வந்தார்; மூழ்கியது வேறோர் உலகத்து இடிக்கரத்தானாம். முப்பத்து மூன்றில் எரிந்து சாம்பலானார். நல்லது, இனி நிம்மதி என்றிருந்தேன். முப்பத்து நான்கில் வந்தார். சாம்பலை ஒரு விஞ்ஞானி ஊறுகாய் போல ஜாடியில் போட்டு மூடி வைத்திருந்தாராம்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பனிக்கண்ணன் என்ற அந்த வில்லனுக்குத் தலையே போயிற்று, தைத்துக்கொண்டு வந்தான். அவன் வளர்க்கும் நாய் குண்டடி பட்டது. இரும்புக் காலோடு வந்தது. அந்த நாய்க்கு 'வேங்கை' என்று பெயர் வைத்த கதாசிரியர், நாற்பத்தொரு இதழில் அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை. பிறப்பும் இறப்பும் இறைவன் கையில் என்று நம்பி விளக்கேற்றிக் கும்பிடுகிறவள் நான். இப்போதுதான் தெரிகிறது, அந்த அலுவலகம் இந்த அச்சகத்துக்கு மாறிவிட்டது!

நாற்பத்து மூன்றாம் இதழ் வந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். கல்லூரிக்குப் போகும் என் மகள் கூடத்திலிருந்து கத்தினாள்.

"அம்மா! செத்தவங்க நிக்கிறாங்கம்மா!"

கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் பதினேழாம் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி எட்டிப் பார்த்தார்.

"இதுல என்னடி ஆச்சரியம்? எங்க ரூட்டுல எல்லாரும் அப்படித்தான் நிக்கிறாங்க. செத்தாலும் பஸ் வந்தாத்தானே போக முடியும்?"

"அப்பா, விளையாடாதீங்க. நாற்பத்தொண்ணுல இவங்க மேல நாலு மாடிக் கட்டடம் விழுந்துச்சு."

"யாரு தூக்கிப் போட்டா?"

கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி! மாதாமாதம் படிக்கிற எனக்கும் என் மகளுக்கும் தோன்றாத கேள்வி, எப்போதாவது எட்டிப் பார்க்கிற மனிதருக்குத் தோன்றியது. இந்த அவையைக் கேட்கிறேன்: அந்தக் கட்டடத்தைப் பெயர்த்து எறிந்தது யார்?

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். ஆமாம், இடிக்கரத்தான்! வில்லனைக் குறிவைத்து எறிந்தார். வில்லன் குனிந்துகொண்டான். கட்டடம் போய் அம்மா இருந்த வீட்டின்மேல் விழுந்தது. உடனே வீரர் என்ன செய்தார்? வானம் பார்த்தார், வாய் பிளந்தார், 'பனிக்கண்ணா, உன்னைப் பழிவாங்காமல் விடமாட்டேன்!' என்று முழங்கினார். எறிந்தவர் இவர், பழி அவனுக்கு! நாற்பத்திரண்டாம் இதழ் முழுவதும் இந்தப் பழிதான். இருபத்து நான்கு பக்கத்தில் பதினொரு பக்கம் சட்டை கிழிகிறது. நான்கு பக்கம் மழை பெய்கிறது. மிச்சம் உள்ள பக்கமெல்லாம் 'அம்மாஆஆ' என்ற அலறல். நாற்பத்து நான்கில் பழிவாங்க வேறு விண்மீன் மண்டலத்துக்கே போய்விட்டார். அம்மா நின்ற பேருந்து நிறுத்தமோ, மகன் வீட்டுக்கு இரண்டாவது தெரு!

கொஞ்சம் பொறுங்கள். கதாசிரியர் ஒலிவாங்கி இல்லாமல் ஏதோ கேட்கிறார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "கேலி பண்றது சுலபம்மா. நாலு மாடி விழுந்தப்புறம் எந்த லாஜிக்ல அவங்க உயிரோட இருப்பாங்க? அதைச் சொல்லுங்க" என்கிறார்.

சாம்பல் ஜாடிக்காரர் லாஜிக் கேட்கிறார், தாய்மார்களே! கேட்டது நியாயம். சொல்கிறேன்.

ஐயா, நாற்பத்தொன்றாம் இதழை ஆறு முறை படித்தேன். கட்டடம் விழுகிறது, இருக்கிறது. புழுதி எழுகிறது, இருக்கிறது. வீரர் முழங்குகிறார், முழுப் பக்கம் இருக்கிறது. அம்மாவின் உடல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? எங்கும் இல்லை! அடக்கம் செய்தார்களா? நீங்கள் எழுதவில்லை. அழுவதற்கு அண்டை வீட்டார் வந்தார்களா? நீங்கள் எழுதவில்லை. ஏழு கடலுக்கு அப்பால் ஊசி விழுந்தால் கேட்கும் காது என்று முதல் இதழிலேயே எழுதினீர்களே, அந்தக் காது இடிபாட்டின் பக்கம் ஒருமுறை சாய்ந்ததா? மலையைத் தூக்கும் கை ஒரு செங்கல்லைப் புரட்டியதா? சுவரை ஊடுருவும் கண் ஒரு கணம் அங்கே பார்த்ததா? பெற்றவள் போய்விட்டாள் என்று பிள்ளை முடிவு செய்தான். முழங்கினான். பறந்தான். தேடினானா? தேடவே இல்லையே ஐயா! அவள் கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். திரும்ப வர வண்டிக்கு நிற்கிறாள். இவ்வளவுதான் லாஜிக். ஜாடி தேவையில்லை!

கைதட்டலை நிறுத்துங்கள். நான் வழக்கில் வென்றுவிட்டேன் என்று எனக்குள்ளேயே ஒரு மமதை எட்டிப் பார்க்கிறது, ஆண்டவன் மன்னிக்கட்டும். இன்னும் ஒருவரைக் கேட்க வேண்டும். ஓவியர் தம்பி, இந்த ஓட்டையைக் கண்டுபிடித்துத்தானே அந்த அம்மாவை அங்கே நிறுத்தினீர்கள்? இவர்களுக்கு உறைக்கட்டும் என்றுதானே வரைந்தீர்கள்? தைரியமாகச் சொல்லுங்கள்.

தலையை ஆட்டுகிறார். இல்லை என்கிறார்.

"இல்லக்கா. பொய் சொல்ல மாட்டேன். யோசிச்சு வரையல. கூட்டம் வரையும்போது கை தானா அவங்களையும் போட்டுடுச்சு. அவங்க செத்தது எனக்கு ஞாபகமே இல்ல."

கேட்டீர்களா? என் வாதத்தை அவரே உடைத்துவிட்டார். வேலை போகிற நேரத்திலும் ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை இந்த மனிதருக்கு. பதிப்பாசிரியர் அவர்களே, இந்த அம்மாவைக் கொன்றவருக்கு அது ஞாபகம் இருக்கிறது. மாதாமாதம் ஜன்னலோரம், கொடிக்கயிற்றோரம், கதவோரம் நிறுத்தி நிறுத்தி உயிர் கொடுத்தவருக்கு அது மறந்துவிட்டது. இதற்குப் பெயர் கவனக்குறைவா? கவனமாகக் கொன்றவருக்குக் கதையும், கொல்ல மறந்தவருக்குக் கதவும் காட்டுவதுதான் உங்கள் நீதியா? மூன்று முறை செத்து வந்த மகனுக்குத் திறந்த கதவு, ஒருமுறை கடைக்குப் போய் வந்த தாய்க்கு மூடுமா? இந்த மனிதரை வழியனுப்ப என் வாயால் ஒரு வார்த்தை வராது. தலைவர் அவர்களே, வேண்டுமானால் என்னை வழியனுப்புங்கள்!

பதிப்பாசிரியர் எழுந்து நிற்கிறார். அமைதி, அமைதி.

"உக்காருங்க எல்லாரும். நாற்பத்தஞ்சை அவரே வரையட்டும். அந்தக் கட்டத்தையும் வாபஸ் வாங்கிக்கிறோம். போதுமாம்மா?"

போதும் ஐயா. உங்கள் நான்கு அட்டையைக்கூட இன்று மன்னித்தேன்.

தம்பி ஏதோ கேட்கிறார்.

"அக்கா, அப்ப நாற்பத்தஞ்சுல அம்மாவை எங்க வரையட்டும்?"

முன்னாடி வரையுங்க தம்பி. நல்லா பெருசா, முன்னாடி வரையுங்க. அந்த வீரர் கொஞ்ச நாள் பின்னாடி நிக்கட்டும்.

ஐந்து நிமிடத்தை அரைமணி நேரமாக்கிய என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், கேட்ட கேள்விக்கெல்லாம் வாய்விட்டுப் பதில் சொன்ன அவைக்கும், லாஜிக் கேட்டு என்னைக் காப்பாற்றிய கதாசிரியருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். எல்லோருக்கும் என் வணக்கம்!