காரு சம்சு

லாபுவிலிருந்து சிரம்பானுக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு வாலிபர்கள். கையெல்லாம் கிரீஸ் படிந்தவன்தான் ஆரம்பித்தான்.

"என் காரு சம்சு குடிக்கும், மச்சான்."

எஸ்டேட்டில் திருட்டுச் சாராயத்துக்குத்தான் சம்சு என்று பேர். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"விளையாடாதலா!"

"நெசமாலா. டர்போ காத்த அமுக்கித் தள்ளுறப்ப இஞ்சின் ரொம்ப சூடாயிரும். மெத்தனாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து பனியாட்டம் பீச்சுனா குளுந்துரும். தண்ணி கலக்காம வச்சா சட்டுனு தீ புடிக்கும்."

"பாத்துலா. ஆளு குடிச்சா கண்ணு போயிருமாமே?"

"அதான் போத்தல்ல ஊத்தி, தமிழ்லயே கொட்டை எழுத்துல 'காரு சம்சு'ன்னு எழுதி ஒட்டிட்டேன். சேஃப்டிலா!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஒன்னுதான் புரியல மச்சான். காரு ரெண்டு நாளா பாரோய் பட்டறையில நிக்குது. குசினியில சட்டி பானை பக்கத்துல வச்ச போத்தல்ல பாதியக் காணோம். ஆவியாப் போயிருக்கும்போல."

மச்சானின் சிரிப்பு நின்றது.

"மூடி இருந்துச்சா?"

"இறுக்கி மூடியிருந்துச்சே."

"நேத்து வீட்டுல யாரு இருந்தா?"

"எங்கப்பா மட்டுந்தான். தூக்கக் கலக்கம் போல, காலையில வெயில் வந்தப்பறமும், 'ஏன்டா லைட்டு போடாம கெடக்குறீங்க'ன்னு..."

மச்சான் எட்டி, பஸ்ஸை நிறுத்தும் மணியை அழுத்தினான்.

பஸ் நின்ற பிறகும், மணியை அழுத்திய கையை மச்சான் எடுக்கவே இல்லை.