அப்பா சாகி

ஹட்டனிலிருந்து வட்டவளை போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கூடையோடு ஒரு பெண். பக்கத்தில் அவளுக்கு மூத்த ஒருத்தி.

“எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளா சரியா சாப்பிடல அக்கா. மக தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல கால வீசி வீசி, ‘அப்பா சாகி, அப்பா சாகி’ன்னு கத்துறா.”

“அது டைக்வொண்டோ, கொரியாக்காரங்க சண்டை. ‘அப் சாகி’ன்னா முன்னால ஒதைக்கிறது. எம் மகளும் பழகுறா.”

“ஞாயித்துக்கிழமை பெல்ட் சோதனையாம். போகவே கூடாதுங்கிறாரு.”

“அப்ப வீட்டுல பின்னால ஒதைக்கிறத பழகச் சொல்லு. அது ‘துவி சாகி’.”

கூடைக்காரி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

“துவ சாகியா? சிங்களத்துல துவன்னா மகளாச்சே!”

“துவ இல்ல, துவி.”

“என்னமோ. வேணாங்க அக்கா, அப்பாவே சாகட்டும்.”