தேவதை தொட்ட வருடம்

காப்பி நன்றாக இருக்கிறது, போலீஸ் ஐயா. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

ஃபெர்மோ என் உயிர் நண்பன். இருவரும் இத்தாலியில் சலவைக்கல் செதுக்கியவர்கள். ஒரே கப்பலில் அமெரிக்கா வந்து, வெர்மான்ட்டில் கருங்கல்லுக்கு மாறினோம். சலவைக்கல் தூசிக்குத் தும்மினால் போதும். கருங்கல் தூசி நுரையீரலில் குடியேறிவிடும். எங்கள் பட்டறையில் ஒருவனுக்கு இருமல் இல்லையென்றால் அவன் புதிதாகச் சேர்ந்தவன்.

போன வசந்தத்தில் மருத்துவர் ஃபெர்மோவிடம், கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டாய் என்றார். சாகப்போகிறவன் தன் கல்லறைக் கல்லை நண்பனிடம் கேட்பது எங்கள் வழக்கம். கேட்டான்.

"கல்லுல என் முகத்துக்கு மூக்கைக் கொஞ்சம் சின்னதா வைடா. சாகற வருஷத்தையும் போட்டுடு, செத்தப்புறம் நான் வந்தா பார்க்கப்போறேன்?"

போட்டேன். 1911. பக்கத்தில் ஒரு தேவதை, விரல்நுனியால் கடைசி எண்ணைத் தொட்டபடி. அப்படியொரு விரலை நான் செதுக்கியதே இல்லை. சலவைக்கல் என்றால் தேய்த்து மாற்றலாம். கருங்கல்லில் அந்தச் சலுகை கிடையாது. பழைய ஊர்ப் புத்தி, மறந்துவிட்டேன்.

கல் முடிந்தது. ஃபெர்மோ வேலையை விட்டு, ஆடு வாங்கி, பால் குடித்தான். நவம்பரில் உடம்பு தேறிச் சட்டைப் பொத்தான் தெறித்தது.

நான் பதறவில்லை. பெயர் தெரியாத காளானைச் சமைத்துக் கொண்டுபோனேன். தட்டை வழித்துவிட்டு, "உப்பு பத்தலடா, ஒட்டாவியோ" என்றான். மறுவாரம் அவன் வீட்டு வாசற்படிப் பலகையைப் பாதி அறுத்துவைத்தேன். விழுந்தான். பத்து வருட முதுகுவலி போய்விட்டதாம், என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் மனைவி எர்சிலியா மட்டும் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"ஏண்ணே, ஒரு கல்லுக்காக என் புருஷன சாகடிப்பீங்களா?"

ஒரு கல் என்கிறாள். அந்த விரலை அவள் சரியாகப் பார்க்கவில்லை.

நேற்று டிசம்பர் முப்பத்தொன்று, வருடத்தின் கடைசி நாள். ஏரியில் பனிக்கட்டி மெலிந்த இடம் பார்த்து, அவனை நடக்கச் சொன்னேன். தாங்கியது. எப்படித் தாங்குகிறது என்று பார்க்கப் போனேன், என் காலடியில் உடைந்தது. அவன்தான் முடியைப் பிடித்து இழுத்துப்போட்டான். அதனால்தான் இந்தக் கம்பளி, இந்தக் காப்பி.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இனி அவனுக்குப் பயமில்லை. விடியற்காலையில் யோசித்தேன். கல்லில் உள்ள கடைசி ஒன்றோடு இரண்டு கோடு சேர்த்துச் செதுக்கினால் நான்கு, 1914. தேவதையின் விரலை அசைக்கவே வேண்டாம். முழுதாக இரண்டு வருடம் அவனைத் தொடமாட்டேன்.

உயிர் நண்பனைத் தவிர வேறு யார் இரண்டு வருடம் கொடுப்பார்கள்?