நிழலில் நின்றவன்

வீடியோ மென்பொருளில் காமா என்ற அமைப்பைப் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடுவதில்லை. எளிய விஷயம்தான், சொல்கிறேன். வெளிச்ச அளவைக் குறைத்தால் வீடியோ முழுவதும் மங்கிப்போகும். காமாவைக் குறைத்தால் வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் அப்படியே இருக்கும். இடைப்பட்டவை மட்டும் கறுப்பை நோக்கிச் சரியும். வெயிலில் நிற்பவருக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. நிழலில் நிற்பவரை அது விழுங்கிவிடும்.

என் பெயர் காளிதாஸ். முன்பு ஜொகூர் பாருவில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அஷ்வின் என்பவனுடைய தங்கையின் கல்யாணத்தில், காலையில் எடுத்ததை இரவு விருந்தில் மண்டபத் திரையில் போட்டேன். ஒரு சின்னப் பிழை. என் கோப்பில் கறுப்பின் அளவு பூஜ்யத்தில் தொடங்கியது. அந்தத் திரையோ பதினாறில் தொடங்குவதாக எடுத்துக்கொண்டது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் கறுப்பாகி, அதற்குச் சற்று மேலே இருந்ததும் இருண்டு, மணப்பெண்ணின் முகம் மங்கிப்போனது. நிறுத்திச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். அதற்குள் அஷ்வின் மைக்கை எடுத்துவிட்டான்.

“அலமாக், காளி! என்னா லா இது? என் தங்கச்சிய உன் கலருக்குக் கொண்டு வந்துட்டியே!”

மண்டபமே சிரித்தது. எனக்கு உதவிக்கு வந்திருந்த என் மகள் லோஷினியும் சிரித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அதன்பின் கல்யாண வேலை எதுவும் வரவில்லை. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் கண்காணிப்புக் கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன்.

அங்கே கடை வைத்திருந்த கண்ணையாவை, ஒரு மத்தியானம், ஹெல்மெட் போட்ட ஒருவன் கார் நிறுத்தும் இடத்தில் இரும்புக் குழாயால் அடித்துக் கொன்றான். முந்தின நாள்தான் அஷ்வின் கண்ணையாவோடு கைகலப்பு வரை போயிருந்தான். அவனைப் பிடித்தார்கள். தான் அப்போது கடைகளுக்கு முன்னால், அஞ்சடி நடைபாதையின் கூரை நிழலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னான்.

உண்மைதான். பதிவில் பார்த்தேன். வெயிலில் கொலைகாரன். அதே காட்சியின் ஓரத்தில், நிழலில், அஷ்வின்.

அந்தக் கேமராக்களின் பதிவுக் கருவியில் உள்ள கோப்பு சாதாரணக் கணினியில் ஓடாது. காவல்துறைக்கு நான்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். காமாவைக் குறைத்தேன். மறுபடி வெளிச்சமாக்கினால் அவன் தெரிந்துவிட மாட்டானா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கோப்பைச் சிறிதாக்கும்போது, இருட்டில் உள்ள நுணுக்கங்களைக் கண் கவனிக்காது என்று மென்பொருளே அவற்றைத் தூக்கி எறிந்துவிடும். நான் நன்றாகவே சிறிதாக்கினேன். இனி எவ்வளவு வெளிச்சம் கூட்டினாலும் அங்கே கறுப்புக் கட்டங்கள்தான். கருவியில் இருந்த மூலப் பதிவின் மேல், வழக்கம்போல, புதுப் பதிவு ஏறிவிட்டது.

அஷ்வினின் மனைவி சாருமதி என்னைத் தேடி வந்தாள்.

“அண்ணே, நல்லாப் பாத்தீங்களா? அந்த அஞ்சடியில யாருமே இல்லீங்களா?”

“இருட்டாத்தாம்மா இருக்கு.”

“நீங்க சொன்னா சரிதாண்ணே.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள்.

அஷ்வினுக்கு முப்பது ஆண்டுச் சிறை. நான் எதையும் வெட்டவில்லை, எதையும் ஒட்டவில்லை. மூலப் பதிவின் நகல் ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் அவன் முகம் தெளிவாக இருக்கிறது. அவ்வப்போது அதைப் போட்டுப் பார்க்கிறேன், நிறம் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காக மட்டும்.