யார் பக்கமும் சாயாத தலைவர், எங்கள் சீமோன் மரியதாஸ்

மேடையில் இருக்கும் எங்கள் கட்சியின் தொகுதிச் சங்கச் செயற்குழுவினரே, எங்கள் தலைவரான தன் கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேர்ணடெற் அக்கா, வேலை முடிந்து சீருடை மாற்றவும் நேரமில்லாமல் இந்த மல்வேர்ன் மண்டபத்துக்கு ஓடிவந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் கமலாம்பிகையின் வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட என்னை இந்தச் சங்கத்தின் துணைத் தலைவராக்கியவர் எங்கள் தலைவர் சீமோன் மரியதாஸ்! அந்த நன்றியைச் சொல்லத்தான் எழுந்தேன். இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய இடத்தை ஏற்கும்படி செயற்குழு என்னைக் கேட்டிருக்கிறது. என் பேத்தி சுபாங்கியோ வரும் தேர்தலில் எங்கள் கட்சி வேட்பாளராக நிற்க ஆசைப்படுகிறாள். வேட்பாளரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் கூட்டத்தை யார் பக்கமும் சாயாமல் நடத்த வேண்டியவர் தலைவர். இங்கே வரும்போது காருக்குள் கேட்டாள்: "அம்மம்மா, நீங்க தலைவர் ஆனா எனக்கு ஹெல்ப் பண்ண ஏலாது, என்ன? அப்ப ஆர் எனக்கு ஆள் சேர்க்கிறது? உங்களுக்குத்தானே எவ்ரிபடியையும் தெரியும்!"

வழி முழுதும் நான் சீமோன் அண்ணையை நினைத்துக்கொண்டு வந்தேன்.

தலைவர் என்றால் நிறையப் பேசுகிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் பேசவே மாட்டார்! ஒரு தடவை பேசியவர், மற்ற எல்லாரும் பேசி முடியும்வரை மறுபடி பேசக்கூடாது. அது அவர் வைத்த ஒழுங்கு. சட்டத்தரணி சண்முகலிங்கம் கையை உயர்த்தினால், "பொறுங்கோ அண்ணை, கமலம் இன்னும் கதைக்கேல்லை" என்பார். முதல் நாள் நான் சொன்ன யோசனை வாக்கெடுப்பில் தோற்றது. வாசலில் பிடித்துச் சொன்னார்: "தங்கச்சி, உங்கட கதை எடுபடேல்லை. அடுத்த முறையும் வந்து கதையுங்கோ." வென்றிருந்தால்கூட அப்படிச் சந்தோசப்பட்டிருப்பேனா?

போன தடவை வேட்பாளர் தெரிவு நடந்த அன்று பனி கொட்டியது. போட்டியிட்ட இருவரில் ஒருவர் நிரூபா. மற்றவர் தலைவரின் சொந்தப் பெறாமகன், அண்ணன் மகன் அன்ட்ரூ. ஏழு மணிக்கு வாக்களிக்க வருவோரின் பதிவு மூடப்பட்டது. அதற்குப் பிறகுதான் அன்ட்ரூவின் ஆட்களோடு வந்த பஸ் வாசலில் நின்றது. நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டதாம்.

"சித்தப்பா, ரெண்டு நிமிசம்தானே! உங்கட ஆக்களே இதுக்குள்ள இருக்கினம்!"

"ஒருத்தரும் குளிருக்குள்ள நிக்க வேண்டாம். உள்ள வந்து தேத்தண்ணி குடியுங்கோ. வோட்டு மட்டும் இல்லை."

பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கியவர் யார் தெரியுமா? பேர்ணடெற் அக்கா! தேத்தண்ணியைத் தலைவரே கொண்டுவந்து நீட்டினார். அக்கா கேட்டார்: "சீனியாவது போடலாமோ, தலைவரே? இல்லை, அதுக்கும் நேரம் முடிஞ்சுதோ?" மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அன்ட்ரூ தோற்றார். அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் வாக்களித்திருந்தால் வென்றிருப்பார். தேர்தலில் நிரூபாவும் தோற்றார், அது வேறு கதை. ஆனால் எங்கள் சங்கம் உடைந்ததா? வென்றவர்கள் களவாக வென்றார்கள் என்று ஒருவராவது சொன்னார்களா? சொந்த வீட்டிலேயே முகம் முறித்துக்கொண்டு அந்தப் பெயரை எங்களுக்குச் சேர்த்துத் தந்தவர் அவர்! அன்ட்ரூ கொஞ்சக் காலம் சித்தப்பாவோடு பேசாமல் இருந்தார். நேற்றுத் தலைவரின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னுக்கு நின்றதும் அதே அன்ட்ரூதான்.

எங்கள் தலைவரே, நீங்கள் எங்களுக்குக் கிடைத்தீர்களே, அது போதும்!

சுபாங்கி, பின்வரிசையில் இருக்கிறாய், தெரிகிறது. நீ கெட்டிக்காரி. கோயிலிலும் கடையிலும் பஸ்ஸிலும் உன் பெருமையைப் பேசித் திரிந்தவள் நான். இன்றோடு அதை நிறுத்துகிறேன். தலைவர் பதவியை ஏற்கிறேன். உனக்காக ஒருவரையும் சேர்க்க மாட்டேன், என் வாக்கும் உனக்கில்லை, ஒருவருக்குமில்லை.

அன்பானவர்களே, என் பேத்திக்கு எதிராகப் போட்டியிட விருப்பமுள்ளவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். கூட்டம் முடிய என்னிடம் வாருங்கள். என்ன என்ன செய்ய வேண்டும் என்று இருந்து விளங்கப்படுத்துவேன்.